புளி போட்டு விளக்கிய ரிவோல்வர்

யோகராணிக்குக் கோபம் வந்தால் அது முதலில் சட்டி பானைகளுக்குத்தான் தெரியும். அன்று காலை நோர்வேயின் புருசெத்தில் அடுக்குமாடி ஒன்றின் நாலாம் தளத்தில் அவள் புட்டுப் பானையை வைத்த வைப்பில், கீழ் வீட்டு நோர்வேக் கிழவி தடியால் முகட்டைத் தட்டினாள். தட்டட்டும். கிழவியின் புருஷன் சாப்பாட்டுப் பைக்குள் துவக்கு வைத்துக்கொண்டா திரிகிறான்?

யோகராணியின் கணவர் சின்னராசா டாக்ஸி ஓட்டுகிறவர். வேலைக்குப் போகும்போது நீலநிறப் பை ஒன்றைத் தோளில் கொழுவிக்கொண்டு போவார். அதற்குள் புட்டுப் பெட்டியும் தேநீர்ப் போத்தலும் ஒரு வாழைப்பழமும் இருக்கும். ஒரு கிழமையாக அந்தப் பை திரும்பி வரும்போதெல்லாம் மெஷின் எண்ணெய் மணந்தது. கேட்டால் கார் எண்ணெய் என்றார். காருக்கு எண்ணெய் விடுகிறவர் புட்டுப் பெட்டிக்குள்ளாலா விடுவார்? இன்று அவர் குளியலறைக்குள் போன நேரம் பார்த்து, பையின் அடியில் விரித்திருந்த துணியை அவள் தூக்கிப் பார்த்தாள். ரிவோல்வர் கிடந்தது. பக்கத்தில் பழைய ஃபிலிம் டப்பா ஒன்று. திறந்தால் உள்ளே ஐந்து தோட்டாக்கள்.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அந்தச் சாமான் வீட்டுக்கு வந்தபோது, கண்ணாடி அலுமாரியில் வைக்கிற பொருள் என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. அவளும் நம்பியதுபோல இருந்துவிட்டாள். இப்போது அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே வந்தது.

எல்லாம் தை மாதம் தொடங்கியது. பின்னேரம் ஐந்து மணி, வெளியே நல்ல இருட்டு. சின்னராசா ஒரு பெடியனை ஏற்றிக்கொண்டு லில்லெஸ்ட்ரோமுக்குப் போனார். ஊருக்குள் நுழைகிற நேரம், பின் சீற்றில் இருந்தவன் அவருடைய கழுத்தில் கத்தியை வைத்தான். இருந்த காசையும் போனையும் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தான். ஓடக்கூட இல்லை, நடந்தான். அன்று சின்னராசா வீட்டுக்கு வந்ததும், இருபத்தைந்து வருசத்தில் முதல் தடவையாகத் தன்னுடைய உடுப்பைத் தானே வாஷிங் மெஷினில் போட்டார். எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல் நெடுநேரம் அதற்கு முன்னால் நின்றார். மனிசன் அதிர்ச்சியில் நிற்கிறார் என்று நினைத்து யோகராணிதான் அமத்திவிட்டாள்.

மாசியில் பொலிசிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. தடயம் எதுவும் கிடைக்காதபடியால் விசாரணை நிறுத்தப்படுகிறதாம். சின்னராசா அதை மூன்று தரம் வாசித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினார். அவள் கழற்றி வைத்தாள். அவர் திரும்ப ஒட்டினார். பால் எடுக்கப் போகிறபோதெல்லாம் அந்தக் கடிதத்தின் முகத்தில்தான் முழிக்க வேண்டியிருந்தது.

பங்குனியில் நடராஜன் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பழைய துப்பாக்கி சேர்க்கிற பைத்தியம் உள்ளவர். அதற்கென்று சங்கம், அனுமதிப் பத்திரம், பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி எல்லாம் வைத்திருக்கிறவர். ஏல விற்பனையிலிருந்து மரப்பெட்டியோடு சின்னராசாவின் டாக்ஸியில் ஏறியவர், ஓட்டுகிறவர் தமிழர் என்று தெரிந்ததும் வழி முழுக்கப் பேசியிருக்கிறார். அடுத்த ஞாயிறு இரண்டு ரிவோல்வர்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, நகைக்கடைக்காரர் சங்கிலி காட்டுவதுபோல இரண்டையும் வைத்தார்.

"இந்தப் பெருசு பாருங்கண்ணே, சூப்பர் பீஸ். நிக்கல் பூச்சு, தந்தப் பிடி, பூ வேலைப்பாடு. கலெக்‌ஷனுக்குன்னா கண்ண மூடிட்டு இதத்தான் எடுக்கணும். சின்னது சாதாரணம். பெல்ஜியத்துல ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளுனது. அந்தக் காலத்துல கோட்டுப் பையில போட்டுட்டுத் திரிவாங்க. ஒரே விசேஷம், ஒரிஜினல் ஃபினிஷ் அப்படியே இருக்கு. நூத்துப் பதினஞ்சு வருஷமா யாரும் கை வைக்கல."

"இதுக்குத் தோட்டா?" என்றார் சின்னராசா.

"கடையில கிடையாது. அதனாலதான் இதுக்கு பெர்மிட் தொல்லை இல்ல. ஆனா அலுமாரியோட சரி. வெளிய எடுத்துட்டுப் போனா கதையே வேற."

தேநீரோடு வந்த யோகராணி நன்றாகப் பார்த்தாள். தந்தப் பிடி போட்ட அழகான பெரியதை அவர் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். சின்னதை எடுத்தார், கையில் எடை பார்த்தார், எழும்பி நின்று கோட்டுப் பொக்கற்றுக்குள் போட்டார். உள்ளே கைவிட்டு எடுத்தார். திரும்பவும் போட்டு எடுத்தார். எங்கேயும் தடக்கவில்லை என்று கண்டதும் அவருடைய முகம் தெளிந்தது; அதையே வாங்கினார். கண்ணாடி அலுமாரிக்குச் சாமான் வாங்குகிற ஆள் அதைப் பொக்கற்றுக்கு அளவு பார்ப்பாரா? அப்போதே கேட்டிருக்க வேண்டும். விருந்தாளிக்கு முன்னால் மனிசனை எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டு தேநீரை வைத்துவிட்டுப் போனாள். அந்த மரியாதையை நினைக்க நினைக்க இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னராசா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, ரிவோல்வர் புட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் மேசையில் இருந்தது.

"இது என்ன?" என்றாள் யோகராணி.

"தெரியாதோ உமக்கு? சேகரிப்பு."

"சேகரிப்பு ஏன் புட்டோடை வேலைக்குப் போகுது? உந்தத் தோட்டா எங்காலை?"

"லில்லெஸ்ட்ரோமிலை பழைய சாமான் விக்கிற ஒருத்தனிட்டை இருந்தது. எடுத்தனான்."

"உங்களுக்கு விசரோ? பொலிஸ் ஒருக்கா மறிச்சுப் பையைத் திறந்தால் டாக்ஸி லைசென்ஸ் போகும். பிடிச்சு மறியலிலை போடுவாங்கள். எங்கடை பெடியன் அனுஷன் ஸ்தவாங்கரிலை இப்பதான் ஒரு நல்ல வேலையிலை சேர்ந்திருக்கிறான். அவனுக்கு நான் போனிலை என்னெண்டு சொல்லுறது?"

"கத்தி வைச்சவனைப் பிடிக்கத் தெரியாத பொலிஸ், என்னைப் பிடிக்குமோ?" அவர் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினார். "கழுத்திலை கத்தி வந்தது எனக்கு, யோகம். உமக்கில்லை."

அதற்கு மேல் அவளும் சும்மா இருக்கவில்லை. அரை மணித்தியாலம் சண்டை. கீழ் வீட்டுக் கிழவி இரண்டு தரம் தட்டினாள். முடிவில் யோகராணி போனை எடுத்து நடராஜனையே பிடித்தாள். விசயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் பதறினார்.

"அக்கா, என் பேரு எங்கயும் வரக் கூடாது. எனக்கு பெர்மிட் போயிடும். ஞாயித்துக்கிழமை வந்து நானே திருப்பி எடுத்துக்கறேன். கண்டிஷன் மட்டும் அப்படியே இருக்கணும்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் சின்னராசாவைப் பார்த்தாள். "ஞாயிறு வந்து எடுக்கிறாராம். குடுப்பியளோ, இல்லாட்டி நான் இண்டைக்கே பொலிசுக்குப் போகட்டோ?"

சின்னராசா துவாயைக் கதிரையில் எறிந்தார். "அவர் எடுத்தால் குடுக்கிறன். எடுக்காட்டி அது என்னோடைதான் வரும். பேந்து நீர் ஒரு கதையும் கதைக்கக் கூடாது."

"சத்தியமோ?"

"ஓம், சத்தியம்."

எடுக்காமல் என்ன? தானே வாயால் சொன்ன மனிதர். யோகராணிக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. ஞாயிறு வரைக்கும் அவரைத் தடிமன் காய்ச்சல் என்று வேலைக்குச் சொல்ல வைத்து வீட்டில் நிற்பாட்டினாள். ரிவோல்வர் கண்ணாடி அலுமாரிக்குள் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போனது. தோட்டா டப்பாவை அவள் அரிசி வாளிக்குள் புதைத்தாள்.

சனிக்கிழமை, அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அவளுக்கு விடுமுறை. அடுத்த நாள் கொடுக்க வேண்டிய சாமானை எடுத்துத் துணியில் சுற்றப் போனவள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கறுப்பும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டாய்க் கறை. பிடியின் இடுக்கில் ஊத்தை. குழலில் ஏதோ எழுத்து வெட்டியிருக்கிறார்கள், அதையும் அழுக்கு மூடிக் கிடந்தது. இதை இப்படியே ஒருவரின் கையில் திருப்பிக் கொடுப்பதா? அயல் வீட்டில் சட்டி இரவல் வாங்கினாலும், விளக்கி, வெறுஞ்சட்டியாக இல்லாமல் உள்ளே எதையாவது போட்டுத்தான் அவள் கொடுத்துப் பழக்கம். இந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற வருகிற மனிதருக்கு ஊத்தைச் சாமானை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

பழப்புளியை உப்போடு பிசைந்தாள். தோட்டா போடுகிற ஐந்து ஓட்டையும் வெறுமையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு கார்த்திகை விளக்கை விளக்குகிற அதே கையால், அதே உரத்தோடு தேய்க்கத் தொடங்கினாள். புளிக்குப் போகாத இடத்துக்குக் கம்பிச் சுருளைப் போட்டாள். கறை கறுப்பாக வழிந்து தொட்டிக்குள் ஓடியது. தேய்க்கத் தேய்க்க மூன்று மாதத்துக் கோபமும் கூட வந்தது. கத்தி வைத்தவனைத் தேய்த்தாள், கடிதம் எழுதியவனைத் தேய்த்தாள், பொக்கற்றுக்கு அளவு பார்த்த மனிசனையும் விடவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் சாமான் வெள்ளிச் செம்பு மாதிரி மின்னியது. புதுத் துவாய் ஒன்றில் சுற்றி வைத்துவிட்டு, நடராஜனுக்குப் பயத்தம் பணியாரமும் சுட்டாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு நடராஜன் வந்தார். சப்பாத்தைக் கழற்றியதும் மேசைக்கு வந்து, "சீக்கிரம் கொடுங்கக்கா, கிளம்பறேன்" என்றார். சின்னராசா யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். யோகராணி துவாயைக் கொண்டுவந்து வைத்துப் பெருமையோடு விரித்தாள்.

நடராஜன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"என்னக்கா பண்ணீங்க?"

"விளக்கினனான், தம்பி. ஒரே கறையாய் இருந்தது."

"எதப் போட்டு?"

"பழப்புளியும் உப்பும்."

அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார். "போச்சு. எல்லாம் போச்சு. அந்தக் கறுப்புதான்க்கா ஒரிஜினல். ஃபாக்டரியில போட்டது. கறைன்னு நினைச்சீங்க பாருங்க, அந்தக் கறைதான் இதுக்கு சாட்சி. எந்தக் காலத்துச் சாமான், யார் கையில இருந்துச்சுன்னு அதுதான் சொல்லும். கழுவிட்டா அப்புறம் ஒருத்தனும் நம்ப மாட்டான். எழுத்தக் கூடத் தேச்சிருக்கீங்களே!"

"சுத்தமாத்தானே இருக்கு?"

"சுத்தம்தான்! சுத்தமா ஒண்ணுமே இல்ல. சங்கத்துல கொண்டுபோய்க் காட்டினா என்னைய வெளிய தள்ளுவாங்க. கலெக்‌ஷனுக்கு இனிமே இது உதவாது. வெறும் சுடற சாமான். அதுவும் அந்தப் பழைய தோட்டாவப் போட்டா அடுத்தவனச் சுடுமா, சொந்தக் கையில வெடிக்குமான்னு கடவுளுக்குத்தான் தெரியும்." அவர் எழும்பிவிட்டார். "மன்னிச்சுக்கங்க. இத நான் எடுக்க முடியாது. நான் இங்க வரவும் இல்ல."

வரவே இல்லை என்று சொன்ன மனிதர், போகும்போது பணியாரப் பெட்டியைக் கவனமாகத் தூக்கிக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் யோகராணிக்கு அந்தப் பெட்டியைப் பறித்து அவருடைய தலையிலேயே கொட்ட வேண்டும் போலிருந்தது. கறை என்றால் கழுவக் கூடாது என்று முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கண்டிஷனாம் கண்டிஷன்.

சின்னராசா யன்னலைவிட்டுத் திரும்பினார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பைக் கண்டாள். நல்ல சிரிப்பு இல்லை.

"கேட்டனீரே? சேகரிக்க உதவாதாம். இனிக் கொண்டு திரியத்தான் சரியாம்." ரிவோல்வரை எடுத்துத் துவாயில் துடைத்து நீலப் பைக்குள் வைத்தார். "அவர் எடுக்கேல்லை. சத்தியம் சத்தியம்தானே. டப்பா எங்கை?"

"தரமாட்டன்."

"யோகம்."

"தரமாட்டன்! என்னைச் சுட்டுப்போட்டு எடுங்கோ!" அவள் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். "என்னத்துக்கு இது? அவன் இனி வரப்போறானோ? வந்தாலும் சுடுவியளோ? ஒரு நுளம்பு அடிக்க யோசிக்கிற மனிசன். சொல்லுங்கோ, என்னத்துக்கு?"

அவர் கதிரையில் இருந்தார். சிரிப்பு போய்விட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

"கழுவினால் ஒருதரும் நம்பமாட்டினமாம். அந்தாள் சொன்னதைக் கேட்டனீரே? நானும் கழுவினனான்."

"என்னத்தை?"

"காரை. அவன் கத்தியை வைச்சதும் எனக்குச் சீற்றிலேயே மூத்திரம் போயிட்டுது. நனைஞ்சுபோச்சு. அவன் கண்டிட்டான். எங்கடை அனுஷன்ரை வயசு வரும். கண்டு சிரிச்சான், யோகம். சிரிச்சுப்போட்டுத்தான் இறங்கி நடந்தான். அந்தக் கோலத்திலை பொலிசை எப்பிடிக் கூப்பிடுறது? பெற்றோல் ஸ்டேசனிலை நிப்பாட்டி முழுக்கக் கழுவினன். முன் சீற், பின் சீற், கதவு, கைபிடி, எல்லாம். சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் போன் எடுத்தனான். வந்த பொலிஸ்காரன் கேட்டான், ஏன் கழுவினனீ எண்டு. ஊத்தையா இருந்தது எண்டன். அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். நான் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சிருப்பான். தடயம் இல்லை எண்டு கடிதம் வந்தது. ஓம், இல்லைத்தான். நான்தானே கழுவினனான்."

வாஷிங் மெஷினுக்கு முன்னால் பொத்தான் தெரியாமல் நின்ற மனிசன் யோகராணியின் கண்ணுக்கு முன்னால் வந்தார். பொத்தானை அமத்தியது அவளுடைய கை. அப்படியிருந்தும் அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. கோபம்தான் வந்தது, அதுவரை வந்த எல்லாக் கோபத்தையும்விடப் பெரிதாக.

"நான் ஒரு நாளைக்கு ஏழு கிழவர்மாருக்கு உடுப்பு மாத்திறவள்!" அவள் கத்தினாள். "ஏழு பேருக்கு! காலமை போனால் இதுதான் எனக்கு வேலை. முன்பின் தெரியாத ஆக்களெல்லாம் வெக்கப்படாமல் என்னைக் கூப்பிடுகினம். என்ரை மனிசனுக்கு என்னட்டைச் சொல்ல வெக்கமாம். துவக்கு வாங்க வெக்கமில்லை, எனக்குச் சொல்லத்தான் வெக்கம்!"

அவள் அழுதாள். அழுதுகொண்டே குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து அந்தக் கடிதத்தை இழுத்து எடுத்தாள். எடுத்ததை எறியாமல் மடித்துத் தன்னுடைய கைப்பைக்குள் வைத்தாள். சின்னராசாவின் மடியிலிருந்த நீலப் பைக்குள் கைவிட்டு ரிவோல்வரையும் எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

திங்கள் பதினொரு மணிக்கு சின்னராசா டாக்ஸிக்கு வந்தபோது யோகராணி பின் சீற்றில் இருந்தாள். நல்ல கோட்டுப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பைக்குள் துவாயில் சுற்றிய ரிவோல்வர், அரிசி ஒட்டியிருந்த ஃபிலிம் டப்பா, மடித்த கடிதம். ஆவணி மாதம் வரைக்கும் பழைய ஆயுதங்களைக் கொண்டுவந்து கொடுக்கலாம், கேள்வி கேட்கமாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்திருந்ததை வேலையிடத்துப் பேப்பரில் அவள் எப்போதோ வாசித்தது இரவுதான் நினைவுக்கு வந்தது.

"எங்கை வெளிக்கிட்டனீர்?"

"பொலிசுக்கு. மீற்றரைப் போடுங்கோ. நான் காசு குடுத்துப் போற ஆள், ஏத்தமாட்டன் எண்டு சொல்லேலாது."

"அங்கை போய் என்னெண்டு சொல்லுறது?"

"இதை நான் குடுக்கிறன். காரைக் கழுவினதை நீங்கள் சொல்லுங்கோ. ஏன் கழுவினனீங்கள் எண்டும் சொல்லுங்கோ. அந்தப் பெடியன்ரை முகத்தை இன்னும் மறக்கேல்லைத்தானே? அதையும் சொல்லுங்கோ."

"மூண்டு மாதம் கழிச்சோ? சிரிப்பாங்கள்."

"ஒருத்தன் சிரிச்சுப் பாக்கட்டும்," என்றாள் யோகராணி. "எழுதி முடிக்குமட்டும் நான் அந்த இடத்தைவிட்டு எழும்பமாட்டன்."

அவர் முன்னால் ஏறி இருந்தார். பின்னாலிருந்து பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது: அவருடைய கழுத்து மரக்கட்டை போல விறைத்திருந்தது. கண்ணுக்கு நேரே இருக்கிற கண்ணாடியை அவர் பார்க்கவே இல்லை. இப்படித்தான் மூன்று மாதமாக, ஒவ்வொரு பயணத்திலும், பின்னால் ஏறுகிற ஒவ்வொருவரோடும் ஓடியிருக்கிறார். அவள் கையை நீட்டி அவருடைய தோளில் வைத்தாள். அவர் துள்ளிப் போனார்.

"முன்னுக்கு வாருமன், யோகம். அது அவன் இருந்த இடம்."

"தெரியும். இண்டைக்கு நான் இருக்கிறன். கண்ணாடியிலை என்னைப் பாருங்கோ."

அவர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் பனிப் புகார் படிந்து மங்கலாயிருந்தது. அதைத் துடைக்க, கதவோரம் செருகியிருந்த துணியை எடுத்தார்.

"துடைச்சது போதும்," என்றாள் யோகராணி. "காரை எடுங்கோ."